வீழ்ந்த ஆட்சியும் மீளாத உரிமையும்

கொடுங்கோலாட்சி ஒன்று வீழ்வதற்கு ஒரு நாள் போதும். அதன்கீழ்க் குனிந்து கிடந்த குமுகாயம் நிமிர்வதற்கோ ஒரு தலைமுறையும் போதாமற் போகலாம். அரியணையில் இருந்தவர் இறங்கிவிட்டார் என்ற செய்தி வந்ததும் தெருவெல்லாம் வெடி முழங்குகிறது, இனிப்பு வழங்கப்படுகிறது, மறுநாள் காலையில் மக்கள் தத்தம் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். பறிபோனவை எவை, அவற்றுள் திரும்பியவை எவை, திரும்பாதவை எவை என்று கணக்கெடுப்பவர் மிகச் சிலரே. அக்கணக்கு எடுக்கப்படாத நாட்டில் ஆள்வோர் மாறுவரேயன்றி ஆளும் முறை மாறாது.

திருவள்ளுவப் பேராசான் செங்கோன்மையை 55-ஆம் அதிகாரமாகவும் கொடுங்கோன்மையை 56-ஆம் அதிகாரமாகவும் வைத்து, அவற்றை அடுத்து 57-ஆம் அதிகாரமாக வெருவந்த செய்யாமையை வைத்தார். கொடுங்கோலைக் கூறி முடித்த உடனே அச்சத்தைக் கூறுகின்றார். இவ்வைப்புமுறை எண்ணத்தக்கது. கோல் முறிந்த பின்னும் குடிமக்கள் நெஞ்சில் எஞ்சி நிற்பது அச்சமே. அவ்வச்சம் நீங்கி, இழந்த ஒன்றைப் பெயர் சொல்லித் திரும்பக் கேட்கும் துணிவு பிறக்கும்போதுதான் குமுகாயம் மறுபடியும் கட்டப்படத் தொடங்குகிறது. கேட்கப்பட்டவை திரும்பின, கேட்கப்படாதவை திரும்பவில்லை. இந்நாட்டு மக்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பட்டறிந்த உண்மை இது. பட்டும் அறியாதார் பலர் என்பதனாலேயே இதனை மீண்டும் எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

1975-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள், தலைமையமைச்சர் இந்திரா காந்தியாரின் தேர்தல் வெற்றி செல்லாது என அலகாபாத்து உயர்வழக்குமன்ற நடுவர் சகன்மோகன் லால் சின்கா தீர்ப்பளித்தார். அத்திங்கள் 25-ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை சாற்றப்பட்டது. உள்நாட்டுக் குழப்பம் என்பது சொல்லப்பட்ட கரணியம். விடிவதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தனர். நாளேடுகள் தணிக்கையாளரின் கைக்குச் சென்றன. 1977 மார்ச்சு 21-ஆம் நாள் அந்நிலை நீக்கப்படும் வரை, இருபத்தொரு திங்கள், வாய் திறந்தவர் வீடு திரும்புவது உறுதியில்லை என்ற நிலை நாடெங்கும் நிலவியது.

தமிழ்நாட்டின்மேல் அவ்விடி சற்றுக் காலந்தாழ்த்து விழுந்தது. 1976 சனவரி 31-ஆம் நாள் மு. கருணாநிதி தலைமையிலான அரசு நீக்கப்பட்டது, சட்டமன்றம் கலைக்கப்பட்டது. மிசா என்னும் சட்டத்தின்கீழ்ப் பலர் சிறைப்பட்டனர். யார் யார் பிடிபட்டனர் என்பதைக்கூட அச்சிட இயலாதபோது, பிப்பிரவரி 3-ஆம் நாள், அண்ணாவின் நினைவிடத்தில் மலர் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பெயர்ப்பட்டியலை முரசொலி வெளியிட்டது. படித்தவர் பொருள் விளங்கிக்கொண்டனர். சென்னை நடுவண் சிறையில் அடைபட்டோர் இரவில் அடித்து நொறுக்கப்பட்டனர். சென்னையின் முன்னாள் மாநகரத் தந்தையும் செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அச்சிறைக் கொடுமைக்கு ஆளாகி 1977 சனவரியில் உயிர்நீத்தார். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் தோன்றியது. அந்நாளில் திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்தின் பெயர் தாங்கிய தொகுதியின் உறுப்பினரே அடிபட்டுச் சாகக்கூடும் என்றால், அங்கு வாழ்ந்த ஏழை உழவனும் கூலியாளும் எவ்வளவு அஞ்சியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1977 மார்ச்சுத் தேர்தலில் வடநாட்டு மக்கள் அவ்வாட்சியை வேரோடு சாய்த்தனர். இந்திரா காந்தியாரே தம் தொகுதியில் தோற்றார். தமிழ்நாட்டிலோ அவர் கட்சி இடம்பெற்றிருந்த கூட்டணியே மிகப் பெரும்பாலான தொகுதிகளை வென்றது. தம் அரசு கலைக்கப்பட்ட, தம் தலைவர்கள் சிறையில் அடிபட்ட ஒரு நாட்டு மக்கள் கலைத்தவர்க்கும் அடித்தவர்க்கும் ஒப்போலை அளித்தனர். கொடுங்கோல் வீழ்ந்தது, ஆனால் தமிழர் கையால் வீழவில்லை. வீழ்த்தும் பணியில் பங்கு கொள்ளாதவர்க்கு வீழ்ந்த பின் உரிமை கேட்கவும் நாக்கூசும். அடுத்து வந்த ஆண்டுகளில் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்பதை இக்கசப்பான உண்மையோடு சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

முதற் கணக்கு, உழைப்பாளியின் கணக்கு. போனசு எனப்படும் மிகையூதியம் குறைந்த அளவாக 8.33 விழுக்காடு, அஃதாவது ஒரு திங்கள் ஊதியம், என்று இருந்தது. நெருக்கடி நிலை வந்து மூன்று திங்களுக்குள், 1975 செப்டம்பரில், அதனை 4 விழுக்காடாக ஓர் ஆணை குறைத்தது. எண்ணூரிலும் அம்பத்தூரிலும் தொழிலகங்களில் உழைத்தவன் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பிள்ளைகளுக்குத் துணி எடுக்க நம்பியிருந்த தொகையில் பாதிக்குமேல் போயிற்று. வேலைநிறுத்தம் செய்வதற்கும் வழியில்லை. ஆட்சி வீழ்ந்ததும் அவ்வுழைப்பாளிகள் வாளாவிருக்கவில்லை. 1977-இல் நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பெருகின. பறித்ததைத் தா என்ற குரல் ஆலைவாயில் தோறும் எழுந்தது. அவ்வாண்டிலேயே 8.33 விழுக்காடு திரும்பி வந்தது. எந்த ஆட்சியாளரின் அருளும் அதனைத் தந்ததன்று. எண்ணிக்கை சொல்லிக் கேட்டனர், எண்ணி வாங்கினர்.

இரண்டாவது, உயிருக்கும் உடலுக்கும் உரிய காப்பு. நெருக்கடி நிலையில் ஒருவரை அரசு கரணியமின்றிச் சிறையிட்டாலும் வழக்குமன்றத்தை அணுக இயலாது என்று 1976 ஏப்பிரல் 28-ஆம் நாள் தில்லித் தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நடுவருள் நால்வர் அவ்வாறு கூற, நடுவர் கன்னா ஒருவரே மறுத்துரைத்தார். அதன் விளைவாக அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நடுவராக்கப்பட்டார். அவர் பணி துறந்தார். ஆட்சி வீழ்ந்த பின், சிறைபட்டு மீண்ட தலைவர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தனர். தாம் பட்டதை அவர்கள் மறக்கவில்லை. எனவே 1978-இல் இயற்றப்பட்ட 44-ஆம் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற சொல்லை நீக்கிப் படைக்கலக் கிளர்ச்சி இருந்தாலன்றி உள்நாட்டுக் கரணியத்தால் நெருக்கடி நிலை சாற்றலாகாது என்றது. உயிரையும் உடல் விடுதலையையும் காக்கும் பிரிவை எந்நிலையிலும் முடக்கலாகாது என்றது. தமிழ்நாட்டில், சென்னைச் சிறைக் கொடுமைகளை உசாவ, கம்பனில் தோய்ந்த தமிழறிஞரான நடுவர் மு. மு. இசுமாயில் தலைமையில் ஆணையம் அமைந்தது. சிறைப்பட்டோர் அடிக்கப்பட்டது உண்மை என்பது அவ்வாணையத்தின் அறிக்கையால் பதிவாயிற்று.

ஆயினும் இது பாதி மீட்சியே. மிசா 1978-இல் நீக்கப்பட்டது. 1980-இல் நாட்டுக் காப்புச் சட்டம் என்ற பெயரில் தடுப்புக் காவல் மீண்டும் வந்தது. தமிழ்நாட்டு அரசும் 1982-இல் தனக்கென ஒரு தடுப்புக் காவல் சட்டம் இயற்றிக்கொண்டது. மக்கள் அதனைக் குண்டர் சட்டம் என்பர். சிட்டிபாபு அடிபட்ட பழஞ்சிறை மூடப்பட்டு, 2006-இல் புழலில் புதுச்சிறை திறக்கப்பட்டது. பழஞ்சிறையின் சுவர்கள் பின்னர் இடிக்கப்பட்டன. சுவரை இடித்தவர்கள் கேள்விமுறையின்றி அடைக்கும் சட்டத்தை இடிக்கவில்லை. மாநில அரசுகளைக் கலைக்கும் 356-ஆம் பிரிவின் கதையும் இதுவே. கொடுங்கோலை வீழ்த்தி வந்த சனதா அரசே 1977-இல் ஒன்பது மாநில அரசுகளை ஒருங்கே கலைத்தது. 1980-இல் இந்திரா காந்தியார் திரும்பி வந்து ம. கோ. இராமச்சந்திரனார் அரசு உள்ளிட்ட ஒன்பதைக் கலைத்தார். 1991 சனவரியில் தமிழ்நாட்டரசு மீண்டும் கலைக்கப்பட்டது. 1994-இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்த பின்னரே அக்கை சற்று அடங்கியது. படைக்கலம் உடைக்கப்படவில்லை; கைமாறியது. அடிபட்ட தலைவர்கள் தமக்கு வேண்டிய காப்பைக் கேட்டனர். மாநிலங்களுக்கு வேண்டிய காப்பைக் கேட்பார் அங்கு இல்லை.

மூன்றாவது கணக்கே தமிழர்க்கு மிகவும் நோவு தருவது. 1976-இன் இறுதியில் நிறைவேறி 1977 சனவரி 3-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 42-ஆம் திருத்தம், கல்வி, காடு, எடையளவு, காட்டுயிர்க் காப்பு, கீழ்நிலை வழக்குமன்ற அமைப்பு ஆகிய ஐந்தையும் மாநிலப் பட்டியலிலிருந்து பெயர்த்துப் பொதுப் பட்டியலில் வைத்தது. பொதுப் பட்டியல் என்பது பெயருக்கே பொது. இரு சட்டங்கள் முரண்படுமாயின் பொதுவாக நடுவண் சட்டமே நிற்கும். இத்திருத்தத்தின்போது தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றமே இல்லை. 1976 சனவரியிலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. 1971-இல் இராசமன்னார் குழுவின் அறிக்கையைப் பெற்று, 1974-இல் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றிய ஒரு மன்றம், தன் பிள்ளைகளின் கல்வி கைமாறியபோது ஒப்பவும் மறுக்கவும் வாயின்றிக் கிடந்தது.

ஆட்சி வீழ்ந்த பின் என்ன நடந்தது? கல்வியை மாநிலங்களுக்கே திருப்பித் தரும் முன்மொழிவு 1978-இல் நாடாளுமன்றத்திற்கு வந்தது. மக்களவை ஏற்றது. மாநிலங்களவை ஏற்கவில்லை. மாநிலங்களின் பெயரால் அமைந்த அவையே மாநிலங்களின் உடைமையைத் திருப்பித் தர மறுத்தது! அன்று தமிழ்நாட்டில் அதற்காக ஒரு கடையடைப்பு உண்டா? ஊர்வலம் உண்டா? 1939-இலும் 1965-இலும் மொழிக்காக உயிரையே ஈந்த மண்ணில், மொழி வாழும் பள்ளி பறிபோனதற்கு ஒரு பேரெழுச்சியும் எழவில்லை. மிகையூதியம் போனதைச் சட்டைப்பை சொல்லிற்று. கல்வி போனதைச் சொல்லுவதற்கு அன்று எதுவும் இல்லை. அதன் வலி தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின.

இன்று தெரிகிறது. தமிழ்நாடு 2006-இல் நுழைவுத் தேர்வுகளைச் சட்டத்தால் நீக்கியது. நீட் தேர்வு வந்து அச்சட்டத்தை ஒன்றுமில்லாததாக்கிற்று. 2017-இலும் 2021-இலும் சட்டமன்றம் விலக்குக் கேட்டு நிறைவேற்றிய சட்ட முன்வரைவுகள் குடியரசுத் தலைவரின் இசைவு பெறவில்லை. மும்மொழித் திட்டம் கொண்ட கல்விக் கொள்கையை ஏற்காத கரணியத்தால், 2024-25-இல் பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடி உருபாவை நடுவண் அரசு நிறுத்தி வைத்தது. கேட்டும் கிடைக்கவில்லையே என்பார் உளர். உண்மை, கிளைகளைத்தான் தமிழ்நாடு உரத்துக் கேட்டது. விலக்குத் தருக, தொகை தருக என்று கேட்டது. இவையெல்லாம் முளைத்த வேர் 1976-இல் நடப்பட்டது என்பதைத் தேர்தல் அறிக்கையில் ஒரு வரியாக எழுதியதோடு கட்சிகள் அமைந்தன. ஊர்தோறும் எடுத்துச் சொன்னார் இல்லை. 2025-இல் மாநிலத் தன்னாட்சியை ஆய நடுவர் குரியன் சோசப்பு தலைமையில் குழு அமைந்தது நன்று. ஆனால் குழுவின் அறிக்கை மக்களின் கோரிக்கைக்கு ஈடாகாது. இராசமன்னார் குழுவின் அறிக்கையும் அறிக்கையாகவே நின்றுவிட்டதைத் தமிழர் கண்டுள்ளனர்.

நான்காவதாக ஒரு கணக்கு உண்டு. அது மற்ற மூன்றுக்கும் மாறானது. அக்கொடுங்கோல் காலத்திலேயே ஒரு நல்ல சட்டமும் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் ஆணை 1975 அக்டோபரில் வந்தது, 1976-இல் சட்டமாயிற்று. சொல்லளவில் அதனினும் சிறந்த சட்டம் வேண்டுவதில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னும் செங்குன்றத்தைச் சுற்றிய அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டனர். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளிலிருந்து ஒடிசா மாநிலத்து உழைப்பாளிகள் மீட்கப்பட்டனர். சில ஆயிரம் உருபா முன்பணத்திற்காகப் பிள்ளைகுட்டிகளோடு ஆலைக்குள் அடைபட்டவனுக்கு, அவனை விடுவித்த சட்டம் ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் கேட்க ஆளில்லை, கேட்டால் அடி. மேலிருந்து போடப்பட்ட நன்மை கீழே தாங்குவோரின்றித் தாளிலேயே கிடந்தது. அவ்வேழை வாய் திறக்கும் அளவுக்கு அவனைச் சூழ்ந்த ஊர் துணை நிற்காதவரை, எந்த ஆட்சி வீழ்ந்தாலும் அவன் தலைமேல் இருந்த ஆட்சி வீழ்ந்ததாகாது.

இவ்வுண்மை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அதற்குச் சான்று கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. அங்குள்ள ஈழத்தமிழர் முகாம் தமிழ்நாட்டின் பெரிய முகாம்களுள் ஒன்று. 2021-இல் அதன் பெயர் மறுவாழ்வு முகாம் என மாறியது. அங்குப் பிறந்து, அங்குப் படித்து, அங்கு மணந்து, பிள்ளை பெற்றவர்கள் உளர்; குடியுரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களை ஒதுக்கியது. 2022 சூலையில் கொழும்பு மக்கள் திரண்டெழ, கோத்தபாய இராசபக்சே நாட்டை விட்டு ஓடினார். உலகமே வியந்து பார்த்தது. அப்படியாயின் இம்முகாம் ஏன் காலியாகவில்லை?

கொழும்பில் திரண்டவர்கள் எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு தீரக் கேட்டனர், ஆண்டவரை இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். தமிழர் இழந்த நிலம், காணாமற் போன பிள்ளைகள், 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகியவை பற்றிய கேள்வி அத்திரளின் பெருங்குரலாகவில்லை. எனவே 2024-இல் புதிய ஆட்சி வந்த பின்னும் அச்சட்டம் தொடர்ந்தது. வடக்கு மாகாண அவையின் காலம் 2018-இல் முடிந்த பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் நடைபெறவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தம் பிள்ளைகளைக் கேட்டு 2017 முதல் தெருவோரம் அமர்ந்த தாய்மாருள் பலர் விடை காணாமலே கண் மூடினர். கேட்டவர் சிலராகவும் கேளாதவர் பலராகவும் இருக்கும் நாட்டில் நயன்மை காலந்தாழ்த்தும் என்பதற்கு அத்தாய்மாரின் முதுமையே சான்று.

அம்முகாமுக்கு அண்மையிலேயே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே இன்று எந்த நெருக்கடி நிலையும் சாற்றப்படவில்லை. ஆயினும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவன் அடையாளச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாயிலுக்குள் நுழைந்ததும் வாய் மூடுகிறான். பணியமர்த்த ஓலை தமிழில் கேட்டால் மறுநாள் வேலை இல்லை. விரல் நசுங்கினால் மருத்துவத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தக்காரனுக்கும் ஆலைக்கும் இடையே பந்தாடப்படுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலகங்களிலும் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கின. நிலையான வேலையில் இருப்பவனே தயங்கும் இடத்தில் நாட்கூலி எப்படிக் கேட்பான்? வடக்கிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் பத்துப் பேராகத் தூங்கும் தொழிலாளியைத் தமிழர் பகையாகக் கருதுதல் பிழை. அவனுக்கு இவ்வூர் மொழி தெரியாது. இவ்வூர்ச் சட்டம் தெரியாது. அதனாலேயே அவன் அங்கு அமர்த்தப்பட்டான். அவன் கேட்கத் தெரியாதவனாக இருக்கும்வரை தமிழ்த் தொழிலாளியின் கேள்விக்கும் வலிவில்லை. அவனுக்குத் தமிழ் கற்பித்துத் தோழனாக்குவது தமிழ்த்தொண்டு. உழைப்பவர்க்குக் காப்பும் அதுவே.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை ஊரவைக் கூட்டம் கூடுகிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருத்தணி வட்டங்களின் ஒவ்வோர் ஊரவையிலும் கல்வியை மாநிலப் பட்டியலுக்கு மீட்கும் தீர்மானம் வைக்கப்படுதல் வேண்டும். ஏன் மீட்க வேண்டும் என்பதை அவ்வூர் ஆசிரியர் எழுந்து சொல்லுதல் வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசும் எல்லையோரப் பிள்ளைக்கும், ஏதிலியர் பிள்ளைக்கும், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளைக்கும் எம்மொழியில் எவ்வாறு கற்பிப்பது என்பதை அப்பிள்ளைகளைப் பார்த்தறியாத தில்லி முடிவு செய்வதா, அவர்களோடு வாழும் இம்மண் முடிவு செய்வதா என்று கேட்டால் எளிய தாய்க்கும் விளங்கும். அதே ஊரவையில், சூளையிலும் ஆலையிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டோர் யாரேனும் உளரா என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் எழுப்பப்படுதல் வேண்டும். கேட்பார் இருக்கிறார் என்று தெரிந்தாலே கட்டுகள் தளரும்.

இவையெல்லாம் கைகூடுமா என ஐயுறுவோர் இம்மாவட்டத்தின் வடமேற்கு மூலையைப் பார்க்கட்டும். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி பறிபோயிற்று. மங்கலங்கிழார் என்னும் தமிழாசிரியர் ஊர் ஊராக நடந்து, தமிழ் மறந்தவர்க்குத் தமிழ் கற்பித்து, கேட்கும் வாயை முதலில் உண்டாக்கி வைத்திருந்தார். ம. பொ. சிவஞானம் அக்கேள்வியைப் போராட்டமாக வளர்த்தார். சிறை சென்றவர் பலர். உயிர் நீத்தாரும் உளர். 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. எல்லையில் இழந்த ஊரை ஏழாண்டில் மீட்டுக் கொண்ட மக்கள், பட்டியலில் இழந்த பள்ளியை ஐம்பதாண்டாக மீட்கவில்லை. அடுத்த ஊரவை கூடும் நாளில் தீர்மானத்தாளோடு முதலில் எழுந்து நிற்பவர் யார் என்பதே இப்போதுள்ள கேள்வி.